சிலந்தியியல் அறிஞர் பெட்ருன்கேவிச்

ரஷ்யப் பேரரசில் 1875இல் பிறந்த அலெக்சாண்டர் பெட்ருன்கேவிச், ஜெர்மனியில் வைஸ்மனிடம் பயின்று, 1910இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் சிலந்திகளை இனங்காண்பதில் அவர் பெரிதும் உழைத்தார். அஃது எளிய பணியன்று. சாராயத்தில் இட்ட சிலந்தியின் நிறம் மங்கிவிடும். ஓரினத்தின் ஆணும் பெண்ணும் உருவில் வேறுபட்டு, ஈரினங்களோ என மயக்கும். ஆணின் உணர்கால் நுனியையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டே முடிவுசெய்தல் வேண்டும். ஒட்டடையோடு சிலந்தியையும் துடைத்தெறியும் நமக்கு இது வியப்பே! அவ்வாய்வு 1929, 1930ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

முதுமையிலும் அத்தீவை அவர் மறந்தாரல்லர். அங்குள்ள பெருஞ்சிலந்தியைக் குளவியொன்று கொட்டிச் செயலிழக்கச் செய்து, குழியிலிட்டு, அதன்மேல் ஒற்றை முட்டையிட்டு மூடுவதை 1952இல் விரித்துரைத்தார். தனக்குரிய சிலந்தியினம் இதுவே என்பதை அக்குளவி உணர்கொம்புகளால் தொட்டே அறிந்துகொள்கிறது.