தங்கை ஈந்த சீதனம்

1841 ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த சிலேசியப் பகுதியில், ஹைன்சன்டார்ஃப் என்னும் சிற்றூரில் ஒரு நிலம் கைமாறியது. அந்தோன் மெண்டல் என்ற உழவர் தம் வீட்டையும் விளைநிலத்தையும் மூத்த மகளின் கணவருக்கு எழுதிக் கொடுத்தார். உழவர் குடும்பங்களில் நிலம் கைமாறுவது புதிதன்று. ஆனால் அந்தோனுக்கு மகன் ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயது நிரம்பிய ஒரே மகன். தந்தையின் ஏரை மகன் பிடிப்பதே ஊர் வழக்கமாக இருந்த இடத்தில், மகன் இருக்க மருமகன் கைக்கு நிலம் போயிற்று. அம்மகனின் பெயர் ஜோகன். பிற்காலத்தில் கிரிகர் ஜோகன் மெண்டல் என்று உயிரியல் நூல்களில் இடம்பெற்றவர் அவரே.

இன்று செக் குடியரசில் உள்ள அவ்வூரில் 1822 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜோகன் பிறந்தான். அக்காள் வெரோனிகா, தங்கை தெரேசியா, ஜோகனுக்கு ஏழாண்டு இளையவள். தந்தை அந்தோன் இளமையில் படைவீரராகப் பணியாற்றி ஊர் திரும்பியவர். சொந்த நிலம் இருந்தபோதிலும் அவர் முழு உரிமை பெற்ற உழவர் அல்லர். வாரத்தில் மூன்று நாள் நிலக்கிழாரின் பண்ணையில் கூலியின்றி உழைக்க வேண்டும். எஞ்சிய நாள்களிலேயே தம் வயலைப் பார்க்க இயலும். அந்த நெருக்கடியிலும் அவர் பழமரம் வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். உயர்ந்த வகை மரங்களின் ஒட்டுக்கிளைகளைப் பங்குக் குரு ஷ்ரைபர் ஊராருக்கு வழங்கிவந்தார். அவற்றை நாட்டு மரங்களில் ஒட்டுக்கட்டும் நுட்பத்தைத் தந்தையின் அருகிலிருந்து சிறுவன் கற்றான். தாய் ரோசினும் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பள்ளியிலும் எழுத்தோடும் எண்ணோடும் பழமரம் வளர்ப்பும் பாடமாக இருந்தது. மண்ணில் உழைக்கும் வாழ்வுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் ஒருவனுக்கு அமைவது அரிது.

எனினும் ஊர்ப் பள்ளி ஆசிரியர் வேறொன்றைக் கண்டார். இச்சிறுவனை மேற்படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று பெற்றோரிடம் எடுத்துரைத்தார். தாய் விரும்பினார், தந்தை தயங்கினார். அத்தயக்கத்தில் கொடுமை ஏதுமில்லை. ஒரே மகன் நகரத்துக்குப் போய்விட்டால் வயலை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவ்வீட்டில் எவரிடமும் விடை இல்லை. இறுதியில் பதினோராம் வயதில் ஜோகன் வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றான். மறு ஆண்டு துரோப்பாவ் நகரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

விடுதியில் முழு உணவுக்குரிய பணத்தைப் பெற்றோரால் செலுத்த இயலவில்லை. ஆகவே மகனுக்கு அரை உணவே ஏற்பாடாயிற்று. ஊரிலிருந்து வண்டி வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து ரொட்டியும் வெண்ணெயும் வந்து சேரும். எஞ்சிய வேளைகளில் பசியோடுதான் பாடம் நடந்தது.

1838 ஆம் ஆண்டு ஒரு விபத்து நேர்ந்தது. நிலக்கிழாரின் பணியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த அந்தோனின் மார்பின்மீது அடிமரம் ஒன்று உருண்டு விழுந்தது. உயிர் பிழைத்தாரேனும் பழைய வலிமை அவருக்குத் திரும்பவே இல்லை. விடுதிக்குச் செலுத்திவந்த சிறுதொகையும் நின்றது. ஊருக்குத் திரும்பி ஏர் பிடிப்பதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை. பதினாறு வயது ஜோகன் திரும்பவில்லை. தனிப்பயிற்சி அளிப்பதற்கான தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று, பிற மாணவர்க்குப் பாடம் சொல்லித் தன் வயிற்றைத் தானே கழுவிக்கொண்டான்.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. மறு ஆண்டே நோய்வாய்ப்பட்டுச் சில மாதங்கள் வீட்டில் கிடந்தான். அது வெறும் உடல்நோய் மட்டுமன்று என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தளர்ந்த தந்தையைக் கண்ணெதிரே காண்பதும், தன்னை எதிர்பார்த்து நிலம் காத்திருப்பதும், அங்குத் தங்கத் தன் மனம் இசையாததும் ஒருசேர அவனை வருத்தியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் மனத்துக்கு நெருக்கடி நேர்ந்த பொழுதெல்லாம் அவர் படுக்கையில் வீழ்ந்தார் என்பதை நோக்க, இக்கருத்தை எளிதில் தள்ள இயலாது.

1840 இல் பள்ளிப்படிப்பைச் சிறப்பாக முடித்தான். பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமாயின் அதற்கு முன் ஈராண்டுகள் தத்துவக் கல்விநிலையம் ஒன்றில் பயில வேண்டும் என்பது அக்கால விதி. அதற்காக ஓல்மூட்ஸ் நகருக்குச் சென்றான். அந்நகரில் அவனை அறிந்தோர் இல்லை, பரிந்துரைப்போரும் இல்லை. தனிப்பயிற்சிக்கு மாணவர் கிடைக்கவில்லை. கையில் இருந்தது கரைந்தது. மீண்டும் நோய், மீண்டும் ஊர். இம்முறை ஏறத்தாழ ஓராண்டு வீட்டிலேயே தங்க நேர்ந்தது.

அந்த ஓராண்டில்தான் குடும்பம் முடிவெடுத்தது. அந்தோன் இனியும் காத்திருக்க இயலாத நிலையில் இருந்தார். மகன் ஏர் பிடித்தால் நிலம் அவனுடையது. பிடிக்காவிட்டால் வேறு கைக்கு மாற வேண்டும். மகன் படிப்பையே விரும்பினான். தந்தை அவனை வற்புறுத்தவில்லை என்றே தெரிகிறது. வெரோனிகாவின் கணவர் அலோய்ஸ் ஸ்டுர்ம் நிலத்தை ஏற்றுக்கொண்டார். மகன் குருத்துவம் ஏற்றாலோ வேறு வகையில் தன் காலில் நிற்கத் தொடங்கினாலோ அவனுக்கு ஒரு தொகை தரப்பட வேண்டும் என்ற விதி பத்திரத்தில் சேர்க்கப்பட்டது. நிலத்தை இழந்த மகனைத் தந்தை மறந்துவிடவில்லை. ஆயினும் அத்தொகை உடனடிப் பசிக்கு உதவுவதன்று. ஓல்மூட்சில் மீண்டும் சேர்வதற்குப் பணம் எங்கே?

தெரேசியாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதளவில் இருக்கும். குடும்பச் சொத்தில் அவளது திருமணத்துக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உழவர் வீட்டுப் பெண்ணுக்கு அக்காலத்தில் அதுவே ஒரே முதல். நல்ல இடத்தில் மணம் அமைவதும் அமையாததும் அதைப் பொறுத்ததே. அந்தச் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்கு அவள் விட்டுக்கொடுத்தாள். அவ்வயதுச் சிறுமிக்குத் தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது முழுமையாக விளங்கியிருக்குமா என்று கேட்கத் தோன்றும். அண்ணனுக்கு விளங்கியிருந்தது. அதை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

அப்பணத்தைக் கொண்டு ஜோகன் ஓல்மூட்ஸ் திரும்பி, ஈராண்டுப் படிப்பை மூன்றாண்டுகளில் முடித்தான். ஆனால் பல்கலைக்கழகத்தின் வாயில் இன்னும் திறக்கவில்லை; அதற்கு இன்னொரு சீதனம் வேண்டும், கொடுக்க எவருமில்லை. இந்நிலையில் இயற்பியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஒரு வழி காட்டினார். அவர் பிர்னோ நகரத்து அகஸ்தீனார் துறவு மடத்தில் பல்லாண்டுகள் தங்கியிருந்தவர். அம்மடத்துத் துறவியர் பள்ளிகளில் கற்பித்தனர். நூலகமும் தோட்டமும் ஆராய்ச்சியும் அங்கு உண்டு. அவரது பரிந்துரையின்பேரில் 1843 அக்டோபரில் ஜோகன் மடத்தில் சேர்ந்து, கிரிகர் என்ற பெயரை ஏற்றார். பிழைப்புக்கான ஓயாத கவலையிலிருந்து விடுபட வேண்டிய சூழ்நிலையே தம் வாழ்க்கை வழியை முடிவு செய்தது என்று பின்னாளில் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பில் அவர் ஒளிவின்றிக் கூறியுள்ளார்.

குருவாகத் திருநிலை பெற்றபின் பங்குப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. நோயாளரைச் சென்று காணும்போதெல்லாம் தாமே நோயுற்றார். மடத்தலைவர் நாப் அவரது இயல்பை அறிந்து, ஸ்னோய்மோ நகரப் பள்ளிக்கு மாற்றாசிரியராக அனுப்பினார். அங்கு மாணவர் அவரை விரும்பினர். முறையான ஆசிரியராக வேண்டுமாயின் தேர்வெழுத வேண்டும். 1850 இல் எழுதினார், தோல்வியுற்றார். இன்று உயிரியலின் அடிப்படையாகத் திகழும் ஒருவர் இயற்கை வரலாற்றுப் பாடத்திலேயே தவறினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். பெரும்பாலும் தாமே படித்தவர் அவர். கற்றதை ஒழுங்குபடுத்திக் காட்டுவோர் அதுவரை அவருக்கு வாய்த்ததில்லை.

அத்தோல்வியே பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. இவருக்குத் தேவை முறையான பயிற்சி என்று தேர்வாளர் ஒருவர் கருதினார். மடத்தலைவர் அச்செலவை மடத்தின் கணக்கில் ஏற்றார். 1851 இல், இருபத்தொன்பதாம் வயதில், மெண்டல் வியன்னா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்கு முன் நிலத்தைக் கைவிட்டு எதை நாடினாரோ, அது இப்போதுதான் கைக்கு எட்டியது. டாப்ளரிடம் இயற்பியலும் உங்கரிடம் தாவரவியலும் கற்றார். ஒரு சோதனையை எவ்வாறு திட்டமிடுவது, எண்ணிக்கையிலிருந்து விதியை எவ்வாறு காண்பது என்பவை அங்கே அவருக்குத் தெளிவாயின. ஈராண்டுகளில் பட்டமின்றித் திரும்பினார். 1856 இல் மீண்டும் ஆசிரியத் தேர்வுக்குச் சென்று, நோயுற்று, இடையிலேயே திரும்பினார். ஆக, மொத்தம் பதினான்கு ஆண்டுகள் கற்பித்தும் அவர் இறுதிவரை மாற்றாசிரியரே.

அதே 1856 இல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் சோதனை தொடங்கிற்று. தோட்டம் ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உடையது. முன்னதாக 34 வகைப் பட்டாணிகளை ஈராண்டுகள் பயிரிட்டு, தலைமுறைதோறும் மாறாது நிற்கும் 22 வகைகளைத் தேர்ந்துகொண்டார். பட்டாணி தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. எனவே மலர் அரும்பாக இருக்கும்போதே இதழ்களை விலக்கி, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, வண்டுகள் அண்டாதவாறு துணிப்பையால் மூட வேண்டும். இதனை ஓராயிரம் முறை செய்தாலும் கை நடுங்கலாகாது. ஒட்டுக்கட்டும் கத்தியைச் சிறுவயதில் தந்தையிடம் பிடித்துப் பழகிய கை அது. எண்ணுவதற்கு வியன்னா உதவியது. செடியைத் தொடுவதற்கு ஹைன்சன்டார்ஃப் உதவியது.

எட்டாண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. அவற்றிலிருந்து வந்த அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் காணாமற்போன பண்பு அழியவில்லை. வெளிப்படாமல் இருந்து மீண்டது. 1865 ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிர்னோ நகர இயற்கை ஆய்வுக் கழகத்தில் இதனை உரையாக நிகழ்த்தினார். மறு ஆண்டு கட்டுரை அச்சாயிற்று. அறிவுலகம் அதன் முதன்மையை உணரவில்லை. 1868 இல் மடத்தலைவரானபின் ஆராய்ச்சிக்கு நேரம் குறைந்தது. மடங்களின்மீது அரசு விதித்த வரியை எதிர்த்த நீண்ட வழக்காடலில் இறுதி ஆண்டுகள் கழிந்தன.

ஆனால் மடத்தலைவர் பதவியால் மற்றொரு வாய்ப்பும் வந்தது. கையில் பணம் வந்தது. தெரேசியா மணம் முடித்து மூன்று ஆண்மக்களுக்குத் தாயாகியிருந்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளான அவர்களைப் பிர்னோவுக்கு அழைத்து, படிப்புச் செலவை மெண்டல் ஏற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பிள்ளைகள் மடத்துக்கு வருவார்கள். மாமாவுடன் சதுரங்கம் ஆடுவார்கள். மாணவப் பருவத்தில் அரை உணவில் காலம் கழித்தவர் தம் மருமக்களுக்கு அந்நிலை வரவிடவில்லை. மூவருள் அலோய்ஸ், ஃபெர்டினாண்ட் இருவரும் மருத்துவராயினர். பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. அங்குத் தீயணைப்பு நிலையம் அமையப் பொருளுதவி செய்தார்.

1884 ஜனவரி 6 ஆம் நாள் மெண்டல் மறைந்தார். நல்ல மடத்தலைவர், ஏழைகளுக்கு இரங்கியவர் என்று நகரம் அவருக்காக வருந்தியது. பட்டாணியைப் பற்றி எவரும் பேசவில்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1900 இல், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த அறிஞர் மூவர் தனித்தனியே அதே விதிகளை எட்டி, அவரது கட்டுரையைக் கண்டெடுத்தனர். அடுத்த ஈராண்டுகளில் அவர் பெயர் அறிவுலகெங்கும் பரவியது.

1902 ஜூலையில், அந்தோன் எழுதிக் கொடுத்த நிலம் இருந்த அதே ஹைன்சன்டார்ஃபில், மெண்டலின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று திறக்கப்பட்டது. கூடியிருந்த ஊராரிடையே எழுந்து நின்று அவர் வாழ்வை எடுத்துரைத்தவர் மருத்துவர் அலோய்ஸ் ஷிண்ட்லர், தெரேசியாவின் மகன்.