நைல் நதியின் கணக்குப்பிள்ளை

நெட்வொர்க்கிங் படிக்கிறவங்க, ஷேர் மார்க்கெட் டேட்டாவோட விளையாடுறவங்க எல்லாரும் ‘ஹர்ஸ்ட் எக்ஸ்போனென்ட்’ என்ற பெயரை எங்காவது பார்த்திருப்பீங்க. ஒரு டைம் சீரிஸில் பழைய நிலையின் தாக்கம் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்று சொல்லும் எண் அது. அந்த ஹர்ஸ்ட் யாருன்னு தேடிப் பார்த்திருக்கீங்களா? அவர் கம்ப்யூட்டர் ஆளும் இல்லை, ஷேர் ஆளும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு நதியை அளந்தவர்.

ஹெரால்ட் எட்வின் ஹர்ஸ்ட் 1880இல் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா ஊரில் வீடு கட்டித் தருபவர். பெரிய வசதி கிடையாது. 15 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. தச்சு வேலை பழகினார். பிறகு பயிற்சி ஆசிரியராக இருந்துகொண்டே மாலை வகுப்புகளுக்குப் போனார். 20 வயதில் ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்ஃபோர்டுக்குள் நுழைந்தார். கணிதத்தில் அடித்தளம் பலமாக இல்லை. ஆனாலும் இயற்பியலில் முதல் வகுப்பு. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை இன்னொரு முறை படிச்சுக்கலாம்.

1906இல் கொஞ்ச நாள் வேலை என்று எகிப்துக்குப் போனார். அந்தக் கொஞ்ச நாள் 60 ஆண்டுகளைத் தாண்டியது. முதல் வேலை என்ன தெரியுமா? கெய்ரோ கோட்டையில் நண்பகல் பீரங்கி வெடிக்க, வானாய்வகத்திலிருந்து சரியான நேரத்தை அனுப்புவது. அங்கிருந்து மெல்ல நைல் பக்கம் வந்தார். நீராவிப் படகிலும், சைக்கிளிலும், சுமைதூக்கிகளோடு கால்நடையாகவும் நதியின் மூலம் வரை போய் அளவெடுத்தார்.

அவர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். நல்ல வருஷத்துத் தண்ணீரைச் சேமித்து வறட்சி வருஷத்துக்குக் கொடுக்க வேண்டும். 100 வருஷத்துக்குத் தாங்க, நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒவ்வொரு வருஷமும் சராசரியை விட எவ்வளவு கூட வந்தது, எவ்வளவு குறைந்தது என்று கூட்டிக்கொண்டே போங்க. அந்தக் கூட்டுத்தொகையின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தேவையான கொள்ளளவு. வருஷங்களுக்குள் தொடர்பே இல்லை, நாணயம் சுண்டுவது மாதிரிதான் என்றால், இந்த வித்தியாசம் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு 0.5 அடுக்கில் வளர வேண்டும். நைல் அப்படி வளரவில்லை. ஹர்ஸ்டுக்குச் சந்தேகம். கெய்ரோவின் ரோடா தீவில் கி.பி. 622 முதல் பதிவான நீர்மட்டக் கணக்கை எடுத்தார். மழை, மரவளையம், ஏரிப் படிவு, கோதுமை விலை என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார். நாணயங்களைச் சுண்டியும் சீட்டுக்கட்டைக் கலைத்தும் ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அடுக்கு சராசரியாக 0.73 பக்கம் வந்து நின்றது. 1951இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? வறட்சி தனியாக வருவதில்லை, கூட்டமாக வருகிறது. யோசேப்பு கதையில் வரும் ஏழு பஞ்ச வருஷங்களை நினைச்சுக்கோங்க. 100 வருஷத்துக்கு, நாணயக் கணக்குப்படி திட்டவிலக்கத்தைப் போல 12.5 மடங்கு கொள்ளளவு போதும். ஹர்ஸ்ட் கணக்குப்படி சுமார் 17 மடங்கு வேண்டும்.

அவ்வளவு தண்ணீரை எங்கே வைப்பது? ஹர்ஸ்டும் பிளாக், சிமைகா என்ற சக பொறியாளர்களும் 1946இல் ‘நூற்றாண்டுச் சேமிப்பு’ என்ற திட்டத்தைத் தந்தார்கள். விக்டோரியா, ஆல்பர்ட், எத்தியோப்பியாவின் தானா ஆகிய ஏரிகளில் சேமித்து, மொத்தப் படுகையையும் ஒரே அமைப்பாக இயக்குவது. பொறியியலாகப் பார்த்தால் அழகு. ஆனால் படுகையின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த காலத்துச் சிந்தனை அது. முதலில் எகிப்தின் தேவையைப் பார்த்தது. நாடுகள் விடுதலை அடைந்தபோது, தன் தண்ணீரை இன்னொருவர் எல்லைக்குள் வைக்க எகிப்து தயாராக இல்லை. அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிந்தது.

1959இல் எகிப்தும் சூடானும் மட்டும் உட்கார்ந்து தண்ணீரைப் பிரித்துக்கொண்டன. சராசரி ஆண்டு வரத்து 84 பில்லியன் கனமீட்டர்: எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5, மீதி ஆவியாகிப் போவது. அதில் சுமார் 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது. எத்தியோப்பியாவை யாரும் கூப்பிடவில்லை.

ஹர்ஸ்ட் 1978 டிசம்பரில், 98 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டே கூட்டமாக வறட்சி தொடங்கியது. 1988 ஜூலையில் அஸ்வான் நீர்மட்டம் டர்பைன்களை நிறுத்தும் அளவுக்கு நெருங்கியது. ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்துதான் மூச்சு விட்டார்கள். அந்த அணை இல்லாவிட்டால் எகிப்தின் நிலை இன்னும் மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது எத்தியோப்பியாவும் 74 பில்லியன் கனமீட்டர் கொள்ளளவில் அணை கட்டி, 2025இல் திறந்துவிட்டது. கூட்டமாக வறட்சி வந்தால் யார் எவ்வளவு திறப்பது என்று மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஒப்பந்தம் இல்லை. காலநிலை மாற்றத்தால் நைலின் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அணையைத் தனித்தனியாகக் கட்டலாம். வறட்சியைத் தனித்தனியாகச் சமாளிக்க முடியாது. படுகையை ஒன்றாகப் பார்த்த ஹர்ஸ்டின் கணக்கு சரி. அதை எல்லா நாடுகளும் சமமாக உட்கார்ந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை வரலையா? ‘ஆர்’ மென்பொருளைத் திறங்க. ‘நைல்’ என்ற பெயரிலேயே அஸ்வானின் 1871 முதல் 1970 வரையான வரத்து அதில் இருக்கிறது. வரைந்து பாருங்க. 1898 வரை சராசரி 110, அதற்கப்புறம் 85. ஒப்பந்தத்தில் இருக்கும் 84 எந்தப் பாதியிலிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த 100 வருஷத்துக்கு எந்த எண்ணை எழுதுவீங்க?