சைதாப்பேட்டையில் இருந்த கள்ளித் தோட்டம்

சென்னை சைதாப்பேட்டையில் இன்று பாலமும் ரயில் பாதையும், பூமிக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகின்றன. ஏறத்தாழ 235 ஆண்டுகளுக்கு முன்பு இதே பகுதியில், அடையாற்றை ஒட்டி, கள்ளியைப் பயிராக நட்டுக் காத்தார்கள். வேலியோரத்துச் செடிக்கு அவ்வளவு மதிப்பு வரக் காரணமாக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

மருத்துவருக்குப் பயிர் மேல் ஆர்வம்

1738-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்டர்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸுக்கு வந்து, மாகாணத்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் தோட்டம் அமைத்துப் புதுப் பயிர்களைச் சோதித்தார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு தருவித்து, மல்பெரி நாற்றுகளைப் பல மாவட்டங்களுக்கு அனுப்பினார். லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதி, விதையும் நாற்றும் கேட்டு வாங்கினார்.

அப்போது உலகச் சந்தையில் விலை உயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல். நமக்குத் தெரிந்த மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்தி, நோபல் என்ற முள் குறைந்த கள்ளியில் அப்பி வளரும் பூச்சி அது. பெண் பூச்சிகளைச் சுரண்டி எடுத்து உலர்த்தினால் சாயம் கிடைக்கும். ஒரு கிலோ சாயப் பொருளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் இந்த வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது.

1786-ல் மதராஸில் புல்லில் கண்ட ஒரு பூச்சியைக் கொச்சினீலின் இனம் என்று ஆண்டர்சன் நம்பினார். அதிலிருந்து சாயம் தேறவில்லை. ஆனாலும் கம்பெனி அவருடைய யோசனையை ஏற்றது. நோபல் கள்ளிகள் கப்பலில் வந்தன. சைதாப்பேட்டையில் தோட்டம் எழுந்தது. அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். செடி தயார், பூச்சிதான் இல்லை.

தவறான இனம்

1795-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருந்து கேப்டன் நீல்சன் என்பவர் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது மதராஸுக்கும் வந்தது. வந்தது மெக்சிகோவில் வளர்க்கும் உயர்ந்த இனம் அல்ல, காட்டு இனம். அது தந்த சாயம் மட்டம், விலையும் குறைவு. எதிர்பார்த்த வருமானம் வராததால் 1800-ல் கம்பெனி தோட்டத்தை மூடிவிட்டது. நோபல் மட்டைகள் கடற்பயணத்தில் வாடாமல் நெடுநாள் இருக்கும் என்பதால், மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்கு அவற்றை உணவாகத் தரலாம் என்றும் ஆண்டர்சன் எடுத்துச் சொல்லி வந்தார். 1809-ல் அவர் சென்னையிலேயே காலமானார். புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

சாயத்துக்குப் பயன்படாத அந்தப் பூச்சி வேறு ஒரு வேலையைச் செய்தது. புறம்போக்கிலும் விளைநிலத்திலும் பரவியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று அழித்தது. வட இந்தியாவில் இதைப் பார்த்தவர்கள், 1836-38-ல் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையைக் கட்டுப்படுத்திய உலகின் முதல் வெற்றி இதுவே என்று பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. அதற்கு அசையாத இன்னொரு வகைக் கள்ளியை ஒழிக்க, 1926-ல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்தின் வேறொரு பூச்சி வரவேண்டியிருந்தது.

தொழிலும் ரயிலும்

சரியான பூச்சியே கிடைத்திருந்தாலும் தோட்டம் நெடுநாள் நிலைத்திருக்குமா? வடசென்னையைப் பார்த்தால் விடை தெரியும். திருவொற்றியூரில் காலடிப்பேட்டை, கவர்னர் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைந்த ஊர். வண்ணாரப்பேட்டை துணி வெளுப்பவர்களின் ஊர். சோழமண்டலக் கடற்கரை மணலில் விளைந்த சாயவேர்தான் அக்காலத் துணிகளுக்குச் சிவப்பைத் தந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தார். 1868-ல் சாயவேரில் உள்ள அலிசரின் என்ற சிவப்பு நிறமியே ஜெர்மனியில் செயற்கையாகத் தயாரானது. அது துறைமுகத்தில் இறங்கி ரயிலில் ஊர் ஊராகப் போனது. சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. விளைபொருளை வெளியே கொண்டுபோக வந்த பாதையே போட்டிச் சரக்கை உள்ளே கொண்டுவந்தது.

அந்த 1868-ல்தான் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி தொடங்கியது. அதன் வழிவந்த கல்லூரி 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அது விட்டுச்சென்ற ஊரை மாநகரம் நிரப்பியது. இன்று அங்கே கள்ளியும் இல்லை, வயலும் இல்லை.

ஆண்டர்சனிடம் உழைப்பும் ஆர்வமும் குறையவில்லை. பூச்சியின் இனத்தைச் சரிபார்த்துத் தருவிக்க அன்று வழி இல்லை. நமக்கு அந்த வழி உண்டு. புதுப் பயிர் என்று யாராவது நாற்று கொண்டுவந்தால், அதன் ரகம் என்ன, அத்தாட்சி உண்டா, வாங்குபவர் ஒருவர்தானா பலரா, அதே பொருளை ஆலையில் மலிவாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு முதலில் கால் ஏக்கரில் மட்டும் நட்டுப் பாருங்கள். கொச்சினீலின் கதையும் முடிந்துவிடவில்லை. உணவுப் பொருள்களுக்கு இயற்கை நிறமி கேட்கும் சந்தையால் பெரு நாட்டு உழவர்கள் இன்றும் கள்ளியில் அந்தப் பூச்சியை வளர்த்து விற்கிறார்கள்.