கூடைப்பந்து வாத்தியார்!

அமெரிக்காவில், கல்லூரி அணிகள் மோதும் கூடைப்பந்து போட்டி என்றால், நம் ஊர் ஐ.பி.எல்., கிரிக்கெட் மாதிரி கூட்டம் அலைமோதும். அதில் பெரும் புகழ் பெற்ற அணிகளில் ஒன்று, கான்சாஸ் பல்கலைக்கழக அணி. 100 ஆண்டுகளுக்கு மேல் ஆடி, 2,000க்கும் அதிகமான வெற்றிகளைக் குவித்திருக்கிறது. தேசிய கோப்பையை, 1952, 1988, 2008, 2022 என, நான்கு முறை தட்டிச் சென்றுள்ளது.

இவ்வளவு காலத்தில், இந்த அணிக்கு வந்த பயிற்சியாளர்கள் பத்து பேருக்குள்தான். அவர்களில், வெற்றியை விட தோல்வி அதிகம் உள்ளவர் ஒரே ஒருவர். 55 வெற்றி, 60 தோல்வி! அவர் யார் தெரியுமா? கூடைப்பந்து விளையாட்டையே கண்டுபிடித்த, ஜேம்ஸ் நெய்ஸ்மித்!

கனடா நாட்டில், ஆல்மாண்ட் என்ற சிற்றூர் அருகே, 1861ம் ஆண்டு நவம்பர் 6ம் தேதி பிறந்தார் நெய்ஸ்மித். அவர், நான்காம் வகுப்பு படிக்கும் வயதில், 1870ல், டைபாய்டு காய்ச்சல் வந்து அப்பா, அம்மா இருவரும் இறந்து போயினர். பாட்டியும், அவருக்குப் பின் தாய்மாமன் பீட்டரும் வளர்த்தனர். இடையில் பள்ளிக்கூடத்தை விட்டு, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து, தன்னை விட சின்னப் பையன்களோடு மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்து படித்து, மெக்கில் பல்கலைக்கழகம் வரை போய்விட்டார்.

பாதிரியார் ஆவதற்கான படிப்பையும் முடித்தார். ஆனால், மனம் மைதானத்தையே சுற்றியது. 1890ல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ., பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரும் ஆனார்.

அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். வெளியே விளையாட முடியாது. உள்ளரங்கில் உடற்பயிற்சி மட்டும் செய்து செய்து, ஒரு வகுப்பில் இருந்த, 18 இளைஞர்கள் சலித்துப் போயினர். குறும்பு தாங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள், ஆளை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கி விட்டனர். வகுப்பு நெய்ஸ்மித் தலையில் விழுந்தது. புது விளையாட்டு ஒன்றை உருவாக்க, மேலதிகாரி லூதர் குலிக் கொடுத்த அவகாசம், 14 நாட்கள்!

கால்பந்தை உள்ளே ஆடிப் பார்த்தார். இடம் போதாமல் அடிதான் பட்டது. யோசித்தார். பந்தோடு ஓடுவதால் தானே இழுத்துத் தள்ளுகின்றனர்? அப்படியானால், பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கோல் தரையில் இருப்பதால் தானே வேகமாக அடிக்கின்றனர்? அப்படியானால், கோலைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவது யோசனை, சின்ன வயது விளையாட்டிலிருந்து வந்தது. பாறை மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்திலிருந்து கல் எறிந்து அதைத் தள்ளுவார்கள். நாம் மாங்காய் அடிப்பது போல வேகமாக வீசினால், குறி தப்பும்போது எறிந்த கல் எங்கோ போய் விழும். எடுத்து வருவதற்குள் அவுட். மெதுவாக, வளைவாகத் தூக்கிப் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். கூடைப்பந்தில் இன்றும் பந்தை அப்படித்தானே போடுகிறோம்!

டிசம்பர் 21, 1891. கட்டடப் பராமரிப்பாளரிடம், இரண்டு பெட்டிகள் கேட்டார் நெய்ஸ்மித். பெட்டி இல்லை, பீச் பழம் வைக்கும் கூடைகள் தான் கிடைத்தன. மல்லசமுத்திரம் பக்கம் மாங்காய் அள்ளும் கூடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாடிக் கைப்பிடியில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார். தரையிலிருந்து அந்தக் கைப்பிடியின் உயரம், 10 அடி. இன்றும் உலகம் முழுதும் கூடையின் உயரம், 10 அடிதான்!

13 விதிகளைத் தாளில் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர்; கையில் கால்பந்து. அன்று ஆட்டம் முழுக்க விழுந்த கூடை, ஒன்றே ஒன்று. கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது என்பதால், பந்து விழுந்தால், ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். விளையாட்டுக்கு, நெய்ஸ்மித் பந்து என்றே பெயர் வைக்கலாம் என்றார் ஒரு மாணவர். வாத்தியார் சிரித்துத் தள்ளிவிட்டார்.

பின், மருத்துவம் படித்து டாக்டரான நெய்ஸ்மித், 1898ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வழிபாட்டையும், உடற்கல்வியையும் கவனிக்கும் வேலை. அங்கே ஓர் அணியைத் திரட்டினார். 1899 பிப்ரவரி 3ம் தேதி நடந்த முதல் ஆட்டத்தில், 5-16 என்று தோல்வி! அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இது ஆடி மகிழ வேண்டிய விளையாட்டு, இதற்குப் போய் பயிற்சி எதற்கு என்பது அவர் எண்ணம்.

அவரிடம் ஆடிய மாணவர், ஃபாரஸ்ட் ஆலன். குரல் கனமாக இருக்கும் என்பதால், பனிமூட்டத்தில் கப்பல் ஊதும் சங்கை நினைவூட்டும், ஃபாக் என்ற பட்டப்பெயர் அவருக்கு. பயிற்சியாளராகப் போகிறேன் என்று அவர் வந்து நின்றபோது, கூடைப்பந்துக்குப் பயிற்சி தர முடியாது, ஆடத்தான் முடியும் என்றாராம் நெய்ஸ்மித். நல்ல வேளை, ஆலன் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை! கான்சாஸ் அணிக்கு, 590 வெற்றிகளைத் தேடித் தந்தார்.

ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப், கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போய், நான்கு தேசிய கோப்பைகள் வென்றார். ஆலனிடம் ஆடிய இன்னொருவர், டீன் ஸ்மித். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், 1982ல் கோப்பை வென்ற அவரது அணியில் ஆடிய இளைஞன், மைக்கேல் ஜோர்டான்! நம் ஊர் நாதஸ்வர வித்வான்கள், குருவின் பெயரைச் சொல்லித் தன் பாணியைச் சொல்வது போல, கான்சாஸ், கென்டக்கி, வட கரோலினா மூன்றும் ஒரே வாத்தியாரின் பரம்பரை. 2022 இறுதிப் போட்டியில் வட கரோலினாவை, கான்சாஸ் 72-69 என்று வென்றதை, பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம்!

ஆனால், இந்தப் பரம்பரையில் ஒரு மாணவருக்கு மட்டும் கதவு மூடியிருந்தது.

ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர், 1933ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பின மாணவர்கள், பல்கலைக்கழக அணியில் ஆடக் கூடாது என்று அப்போது தடை. அவர் நீச்சல் குளத்தில் இறங்கினார் என்பதற்காக, தண்ணீரை வடித்து விட்டனராம். 70 வயதைத் தாண்டியிருந்த நெய்ஸ்மித்திடம் நேராகப் போய் நின்றார் மெக்லெண்டன். தடையை உடைக்க நெய்ஸ்மித்தால் முடியவில்லை. ஆனால், தன் மாணவராக ஏற்று, விளையாட்டின் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். மேற்படிப்புக்கும் வழி செய்தார். பல்கலைக்கழக அணியில் கறுப்பின வீரர் இடம் பிடித்தது, 1950களில்தான்.

அணியில் ஆட முடியாத மெக்லெண்டன், கறுப்பினத்தவர் படிக்கும் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் ஆனார். மின்னல் வேகத்தில் பந்தைக் கொண்டு செல்லும் ஆட்டத்தைப் பழக்கினார். 1944ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே சர்ச்சில் இருந்த நேரம், கதவைப் பூட்டிக்கொண்டு, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியோடு, அவரது அணி ரகசியமாக மோதியது. வெளியே தெரிந்தால் ஆபத்து! 88-44 என்று ஜெயித்தனர், மெக்லெண்டன் பையன்கள். பிறகு, டென்னசியில் ஒரு கல்லூரி அணிக்கு, 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று தேசிய பட்டங்கள் வாங்கித் தந்தார். கோப்பை எண்ணிக்கையில் இதை கான்சாஸ் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், நெய்ஸ்மித்தின் ஆகப் பெரிய வெற்றி இதுதான்.

நம் ஊருக்குக் கூடை வந்ததும், ஒய்.எம்.சி.ஏ., வழியாகத்தான். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920ல் சென்னையில், உடற்கல்வி ஆசிரியர்களுக்கு என்றே ஒரு கல்லூரி தொடங்கினார். நந்தனத்தில் இருக்கும் அந்த ஒய்.எம்.சி.ஏ., கல்லூரியில் படித்தவர்கள், பல ஊர்ப் பள்ளிகளுக்கு பி.டி., மாஸ்டராகப் போயினர். உங்கள் பி.டி., சார் எங்கே படித்தார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்களேன்!

கூடைப்பந்து, 1936ல் பெர்லின் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. தயான்சந்த் தலைமையில், இந்தியா ஹாக்கி தங்கம் வென்ற அதே ஒலிம்பிக் தான். 74 வயது நெய்ஸ்மித்தை, பயிற்சியாளர்கள் பணம் திரட்டி, அங்கே அனுப்பி வைத்தனர். இறுதிப் போட்டியில் மோதியவை, அவர் பிறந்த கனடாவும், அவர் குடியுரிமை பெற்ற அமெரிக்காவும்! திறந்த வெளி மண் தரையில் ஆட்டம். கொட்டிய மழையில் சேறாகி, பந்து எழும்பவே இல்லை. 19-8 என்று அமெரிக்கா வென்றது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1939 நவம்பர் 28ம் தேதி, நெய்ஸ்மித் காலமானார். இந்த விளையாட்டை வைத்து, அவர் பெரிதாகப் பணம் சேர்க்கவில்லை. சுவரில் ஒட்டிய, அந்த 13 விதிகள் கொண்ட தாள், 2010ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில், ஏறத்தாழ 19 கோடி ரூபாய்! வாங்கியவர், கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். தாள் இப்போது அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே உள்ள விளையாட்டு அரங்குக்கு, மாணவர் ஆலனின் பெயர்; உள்ளே பந்து துள்ளும் ஆடுகளத்துக்கு, வாத்தியார் நெய்ஸ்மித்தின் பெயர்.