பதில் சொல்லும் முன் கேள்வி கேட்டவர்: தரங்கம்பாடி சீகன்பால்க்



பல சமயத்தார் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் நாடு நம்முடையது. எனவே சமயத்தைப் பற்றிய கேள்விகள் நண்பர்களுக்கிடையே எழுவது இயல்பு. கிறிஸ்துவ மாணவர்களிடம் மற்றவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை நான் கவனித்து வந்திருக்கிறேன். ஒரு தமிழ் பைபிளில் தேவன் என்றும் இன்னொன்றில் கடவுள் என்றும் இருப்பது ஏன்? எங்கோ ஒரு நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதை இன்று எப்படிப் புரிந்துகொள்வது? வேதத்தில் நல்லதுதான் சொல்லியிருக்கிறது என்றால், அதைப் படிப்பவர்களே தவறு செய்வது ஏன்? இப்படிக் கேட்டால் சில மாணவர்கள் திணறுவார்கள். சிலருக்குக் கோபம் வரும்.

இவற்றைப் போன்ற கேள்விகளை 300 ஆண்டுகளுக்கு முன் தமிழ் மக்கள் ஒரு ஜெர்மானிய இளைஞரிடம் கேட்டார்கள். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். புதிய ஏற்பாட்டை முதன்முதலில் தமிழில் முழுமையாக மொழிபெயர்த்து அச்சிட்டவர் என்பது அவருக்குரிய புகழ். ஆனால் எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பதில் சொல்வதற்காகவே கடல் கடந்து வந்த அவர், முதலில் கேட்பதற்காகத் தமிழர்களின் முன் உட்கார்ந்தார். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தாய் விட்டுச் சென்ற செல்வம்

சீகன்பால்க் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மரணப் படுக்கையில் இருந்த தாய், பிள்ளைகளுக்குப் பெரும் செல்வம் ஒன்றை வைத்திருப்பதாகவும், அது பைபிளில் இருப்பதாகவும் கூறினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் தெரிவிக்கின்றன.

பிற்காலத்தில் அவர் ஹாலே நகரில் அகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் படித்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நடத்திய பிராங்கே, ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஆனால் சீகன்பால்க்குக்கு உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. நோயால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டின் வணிகத் துறைமுகமாக இருந்தது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர்கள் அங்கே கோட்டை கட்டியிருந்தனர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அங்கே சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்க்கும் ஹென்ரிக் புளூட்சோ என்ற நண்பரும் தெரிவு செய்யப்பட்டனர். 1705 நவம்பரில் புறப்பட்ட கப்பல், ஏழு மாதங்களுக்கும் மேலாகக் கடலில் பயணம் செய்து 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. மன்னர் அனுப்பியவர்கள் என்றாலும் அங்கிருந்த டேனிய அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை. வணிகத்துக்கு இடைஞ்சலாக வந்தவர்கள் என்றே கருதினர்.

மணலில் எழுதிய மாணவர்

ஐரோப்பியர்கள் அப்போது உள்ளூர் மக்களிடம் பேசப் பயன்படுத்தியது கொச்சையான போர்த்துகீசிய மொழி. அதை மட்டும் கற்றுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். சீகன்பால்க் அப்படிச் செய்யவில்லை. தமிழில் பேசினால்தான் சாதாரண மக்களிடம் பேச முடியும் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். வயதான திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். 24 வயது இளைஞராகிய அவர் சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார்.

எழுத்து கைவந்த பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடத் தொடங்கினார். காலையில் பல மணி நேரம் முதிய புலவர் ஒருவர் அருகில் இருந்து விளக்கம் சொல்ல, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். இந்தப் பாடம் மாலையிலும் தொடரும். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் நூற்றுக்கும் அதிகம். அவற்றில் திருக்குறளும் இருந்தது. ஒவ்வொரு நூலையும் பற்றிய குறிப்புகளோடு 1708-இல் அவர் ஒரு பட்டியலே எழுதினார்.

அதே ஆண்டு அவர் செய்த இன்னொரு பணி நம் மாணவர்களுக்கு வியப்பளிக்கும். தமிழ்ப்பள்ளியில் நீங்கள் மனனம் செய்யும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்கள் நாகரிகம் அறியாதவர்கள் என்று எண்ணிய ஐரோப்பியர்களுக்கு, இவர்களிடம் உயர்ந்த நீதிநூல்கள் உண்டு என்று எடுத்துக்காட்டுவதே அவர் நோக்கம்.

சீகன்பால்க் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. தமிழர் வழிபாட்டு முறைகளை அவர் தவறென்றே கருதினார். அப்படியே எழுதியும் வைத்தார். ஆனால் ஒன்றை மறுப்பதற்கு முன் அதை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது.

கடிதங்களில் வந்த கேள்விகள்

அந்த நேர்மையின் சிறந்த அடையாளம் 1712-க்கும் 1714-க்கும் இடையில் நடந்த கடிதப் போக்குவரத்து. சீகன்பால்க்கும் அவருடன் பணியாற்றிய கிரண்ட்லரும் தமிழறிந்த பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினர். உங்கள் வேதம் என்ன சொல்கிறது, பிள்ளைகளை எப்படி வளர்க்கிறீர்கள், கைம்பெண்களின் நிலை என்ன, மருத்துவம் எப்படி, கிறிஸ்துவ சமயத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. பதிலாக வந்த தமிழ்க் கடிதங்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. எழுதியவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

பதில் எழுதியவர்கள் பணிந்து போகவில்லை. எதிர்க்கேள்விகளும் கேட்டார்கள். கடவுள் எல்லாருக்கும் பொதுவானவர் என்றால், அவரவர் சமயத்தில் நன்றாக வாழ்ந்தாலே நற்கதி கிடைக்காதா என்றார்கள். கிறிஸ்துவர்கள் மாட்டிறைச்சி உண்பதையும், குடிப்பதையும், தூய்மையைப் பேணாததையும் சுட்டிக்காட்டினார்கள். இவ்வளவு நல்ல வேதம் இருந்தும் உங்கள் ஆட்கள் இப்படி நடப்பது ஏன் என்பதுதான் அவர்களுடைய கேள்விகளில் மிகக் கூர்மையானது.

இந்தக் கடிதங்களை அவர் கிழித்துப் போடவில்லை. குறிப்புகள் சேர்த்துத் தம் நாட்டாரே படிக்கட்டும் என்று அனுப்பி வைத்தார். ஐரோப்பியர்களின் தீய நடத்தையே தம் பணிக்குப் பெரிய தடை என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பெயரளவில் கிறிஸ்துவராக இருப்பது போதாது. வேதம் அவர்களையும்தான் கண்டிக்கிறது என்பது அவர் நிலை. கேள்வி நியாயமானது என்றால் அது தம் பக்கத்தாரைச் சுட்டாலும் ஏற்றுக்கொள்ளும் துணிவு இது.

வினாவும் விடையுமாக வேதம்

நேரில் பேசும்போதும் அவர் இதே முறையைக் கையாண்டார். ஊர்களுக்குச் சென்று மக்கள் கூடும் இடங்களில் அமர்ந்து உரையாடினார். தேவாலயத்திலும் பள்ளியிலும் பாடம் வினா விடையாகவே நடந்தது. இதற்கு அடிப்படை, 1529-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் எழுதிய சிறிய ஞானோபதேச நூல். கட்டளைகள், விசுவாச அறிக்கை, செபம் ஆகியவற்றை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, இதன் பொருள் என்ன என்று கேட்டு விடை தரும் நூல் அது. சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பெண் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார்.

ஆனால் வினா விடை மட்டும் போதாது. மூல நூலே மக்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். தொடங்கிய அடுத்த மாதமே, டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட மோதலால் சிறையில் அடைக்கப்பட்டார். கோட்டையில் நான்கு மாதங்கள் கழிந்தன. வெளியே வந்து மீண்டும் எழுதினார். 1711 மார்ச்சில் பணி முடிந்தது.

இறைவனை எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்பது அவருக்கு முன் நின்ற பெரிய கேள்வி. கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த சர்வேசுரன் என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பெப்ரிஷியஸ் பராபரன் என்றார். பிற்காலப் பதிப்பில் தேவன் வந்தது. திருவிவிலியத்தில் கடவுள் என்று காண்கிறோம். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட முதல் கேள்விக்கு விடை இதுதான். மூலம் மாறவில்லை, அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை ஒவ்வொரு தலைமுறையும் தேடியிருக்கிறது.

தரங்கம்பாடி மக்கள் பேசிய எளிய தமிழில் அவர் எழுதினார். பிற்காலத்தில் வீரமாமுனிவர் இந்தத் தமிழைக் கடுமையாகக் குறைகூறினார். இலக்கிய நோக்கில் அதில் நியாயம் உண்டு. ஆனால் புலவர்கள் அல்லாதவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே சீகன்பால்க்கின் முதல் கவலை.

அச்சு வந்த கதை

கையெழுத்துப் படி இருந்தால் போதாது, அச்சிட வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் அனுப்பப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். உடன் வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் 1712-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆட்லர் என்ற அச்சுக் கலைஞர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கியே அவற்றைச் செய்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1714-இல் நான்கு நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க அருகில் உள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைக்கப்பட்டது.

சொந்தப் பக்கத்திலிருந்து வந்த எதிர்ப்பு

தமிழர்களின் கேள்விகள் அவரை வருத்தவில்லை. அவரை வருத்தியது சொந்த நாட்டாரின் போக்குதான். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி விரிவாக விசாரித்து 1713-இல் அவர் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய ஆசிரியர் பிராங்கேயே அதை அச்சிட மறுத்துவிட்டார். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதி 154 ஆண்டுகளுக்குப் பிறகு!

1714-இல் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பலிலும் மொழிபெயர்ப்பு வேலை தொடர்ந்தது. அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. திருமணம் செய்துகொண்டு அதே ஆண்டு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் திறக்கப்பட்டது; இன்றும் நிற்கிறது.

ஆனால் கோப்பன்ஹேகனில் இருந்த மேலிடத்தார், ஆலயம், பள்ளி என்று கட்டடங்களுக்குப் பணத்தைச் செலவிடுவதாகக் குற்றம் சாட்டிக் கடிதம் எழுதினர். ஏற்கெனவே நலிந்திருந்த அவர் உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆவது வயதில் சீகன்பால்க் காலமானார். பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை மட்டுமே அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்; 1728-இல் பழைய ஏற்பாடும் தமிழில் முழுமையாக அச்சாகியிருந்தது.

மாணவர்களே, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் நாம் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் சமயத்தைப் பற்றி ஒரு நண்பர் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் என்ன நினைத்துக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். அவருடைய நூல்களில் ஒன்றையாவது படித்துப் பாருங்கள். அவருக்குப் புரியும் சொற்களில் பேசுங்கள். கேள்வியில் நியாயம் இருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதில் தாழ்வொன்றும் இல்லை. 24 வயதில் சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்து அகரம் எழுதியவரை இன்றும் நாம் மதிப்போடுதான் நினைக்கிறோம்.