அதிபராவதற்கு முன்

நம் பல்கலைக்கழகத்தின் ஷியர்ஸ் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அப்பெயருக்குரியவர் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் செய்த அறுவை சிகிச்சைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பெண்ணின் அந்தரங்க உறுப்பு சம்பந்தப்பட்டது என்ற கூச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸ் 1907இல் இங்கே ஒரு யுரேஷியக் குடும்பத்தில் பிறந்தார். 1929இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் பெயரெடுத்த இடம் நம் தேக்காவுக்குப் பக்கத்திலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாடு வளர்த்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். ஜப்பானியர் ஆட்சியின்போதும் அவர் அங்கே மகப்பேற்றுப் பிரிவைக் கவனித்தார். சிசேரியனில் கருப்பையின் மேற்பகுதியைக் கீறினால் அடுத்த கர்ப்பத்தில் தழும்பு கிழியும் அபாயம் அதிகம். கீழ்ப்பகுதியைக் கீறும் முறையை இங்கு கொண்டுவந்தவர் அவர்.

பிறவியிலேயே யோனிக் குழாய் அமையாத பெண்களுக்கு அவர் வகுத்த அறுவை முறை இன்னும் நுட்பமானது. முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல். இரண்டுக்கும் நடுவே வழி உண்டாக்க வேண்டும். கத்தி சற்று விலகினாலும் துளை விழுந்து சிறுநீரோ மலமோ கசியும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக வியன்னாவில் வெர்ட்ஹைம் 1898இல் தொடங்கிய பேரறுவையிலும் இதே அச்சம் உண்டு. உயிர் பிழைத்தவள் அதன்பின் எப்படி வாழ்வாள் என்பதல்லவா கேள்வி!

ஷியர்ஸ் கத்தியின் வேலையைக் குறைத்தார். கருவில் வளராமல் நின்றுபோன இரு குழாய்களின் தடத்தில், மழுங்கிய முனையுள்ள கம்பிகளைப் படிப்படியாகப் பருமன் கூட்டிச் செலுத்தினார். இரண்டு சுரங்கங்கள் விரிந்த பிறகு நடுச்சுவரை மட்டும் அறுத்தார். தொடைத் தோலை எடுத்து ஒட்டவில்லை. உள்ளே ஓர் அச்சை வைத்தார். அதைச் சுற்றி மேல்தோல் தானே வளர்ந்தது. 1960இல் கட்டுரையாக வந்த இம்முறை அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

அதே ஆண்டில் பேராசிரியர் பதவியை விட்டுத் தனியார் மருத்துவத்துக்குப் போனார். 1971 ஜனவரி 2இல் அதிபரானார். பதவியில் இருக்கும்போதே, 1981 மே 12இல், காலமானார். செப்டம்பரில் திறந்த பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மருத்துவமனை 1997இல் புக்கிட் தீமா சாலையின் எதிர்ப்புறம் இடம் மாறியது. பழைய கட்டடத்தில் பிறகு நிலப் போக்குவரத்து ஆணையம் குடியேறியது.