மணற்காட்டு நீலத்துக்குப் பெயர் வைத்த அகதி

நியூயோர்க் மாநிலத்தின் தலைநகரான அல்பனியின் மேற்கு எல்லையில் ஒரு மணற்காடு இருக்கிறது. பெயர் அல்பனி பைன் புஷ். பனியுகத்தின் முடிவில் வற்றிப்போன ஏரியொன்று விட்டுச்சென்ற மணல்மேடுகளும், அவற்றின் மேல் பைன் மரங்களும், இடுப்பளவு உயரக் குற்று ஓக்குகளுமாக மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பகுதி இன்று பாதுகாக்கப்பட்ட ஒதுக்குநிலமாக உள்ளது. சுற்றிவர நெடுஞ்சாலைகள், கடைத்தொகுதிகள், ஒரு குப்பைமேடு.

இங்கு பதிவான வண்ணத்துப்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் பல, வேறு இடங்களில் காண்பதற்கு அரிதானவை. ஓக் இலை தின்று வளர்ந்து, இலையுதிர்காலத்துப் பகல் வெயிலில் பறக்கும் பக் அந்துப்பூச்சி அவற்றில் ஒன்று. ஆனால் இந்தக் காட்டை உலகறியச் செய்தது, சிறகு விரித்தால் ஏறத்தாழ ஓர் அங்குலமே இருக்கும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சிதான். அதன் பெயர் கார்னர் நீலம். அதை விஞ்ஞான முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் விளாடிமிர் நபகோவ். லொலிற்றா நாவலை எழுதிய அதே நபகோவ்தான்.

1899இல் சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஏழு வயதில் வீரா என்ற குடும்பப் பண்ணையில் பூச்சி பிடிக்கத் தொடங்கினார். தந்தை தாராளவாத அரசியல்வாதி. சார் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்ததை எதிர்த்து ஒப்பமிட்டதற்காக 1908இல் மூன்று மாதம் சிறையிருந்தார். பூச்சிப் பைத்தியம் தந்தையிடமிருந்துதான் மகனுக்கு வந்தது.

1917 புரட்சியோடு எல்லாம் போயிற்று. குடும்பம் கிரிமியாவுக்கு ஓடியது. அங்கும் பையன் வலையைக் கீழே வைக்கவில்லை. கடற்கரைக்கு மேலே வலை வீசிக்கொண்டிருந்தவரை, பிரித்தானியப் போர்க்கப்பலுக்குச் சைகை காட்டுவதாகச் சொல்லிக் காவலன் ஒருவன் கைதுசெய்யப் பார்த்தான். 1919 ஏப்ரலில் செவஸ்தபோல் துறைமுகத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கிரேக்கக் கப்பலொன்றில் ஏறினார்கள். நபகோவ் பிறகு ஒருபோதும் ரஷ்யாவுக்குத் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, 1920இல், அவர் வெளியிட்ட முதல் பூச்சியியல் கட்டுரை கிரிமியாவில் கண்ட வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றியது. இழந்த இடத்தின் பதிவேடு என்றே அதைச் சொல்லலாம்.

1922இல் பேர்லினில் தந்தை சுட்டுக்கொல்லப்பட்டார். மனைவி வேரா யூதர் என்பதால் நாஸி ஜேர்மனியில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. 1937இல் பிரான்ஸ், 1940 மே மாதத்தில் அமெரிக்கா. யூத அகதிகளுக்கு உதவும் அமைப்பொன்று ஏற்பாடு செய்த கப்பலில், யூத வெறுப்பை எதிர்த்து நின்ற தந்தையின் பெயருக்காக அவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. சில வாரங்களில் ஜேர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. தம்பி சேர்கேய் ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டார். 1945 ஜனவரியில் நொயன்கம்மே வதைமுகாமில் இறந்தார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பின்னால் விடப்பட்டவற்றில் ஊசி குத்திய பூச்சிகளின் பெட்டிகளும் இருந்தன.

புதிய நாட்டில் அவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு விலங்கியல் நூதனசாலைக்குப் போனார். வண்ணத்துப்பூச்சிச் சேகரிப்பு ஒழுங்கற்றுக் கிடந்தது. அதைச் சீர்ப்படுத்துவதாகத் தானே முன்வந்தார். 1942 முதல் 1948 வரை சிறு சம்பளத்துடன் ஆய்வாளராக இருந்தார். விலங்கியலில் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. பொழுதுபோக்குக்காரர் என்று அவரைத் தள்ளிவைத்தவர்கள் இருந்தார்கள். அது நியாயமான மதிப்பீடு அல்ல என்பது அவருடைய வேலைமுறையைப் பார்த்தாலே விளங்கும்.

நீலங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நபகோவ் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்தெடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அளந்து, வரைந்தார். சிறகுச் செதில்களை வரிசை வரிசையாக எண்ணினார். சில நாட்களில் பதினான்கு மணித்தியாலம்வரை இதில் போனது. கண்பார்வை நிரந்தரமாகக் கெட்டது.

அப்படிப் பார்த்த பழைய மாதிரிகளில் அல்பனிப் பகுதியில் பிடிபட்ட சில நீலங்கள் இருந்தன. வடக்கே வாழும் வேறொரு நீலத்தோடு அவற்றைப் பலகாலம் குழப்பி வந்திருந்தார்கள். அவை வேறு என்று நபகோவ் கண்டார். 1944இல் வெளிவந்த கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூச்சியியலாளர் சாமுவேல் ஸ்கடரின் முதற்பெயரைக் கொண்டு, சாமுவேலிஸ் என்ற துணையினமாக அதை விவரித்தார். அப்போது அந்தப் பூச்சியை அவர் உயிரோடு கண்டதே இல்லை. 1950 ஜூனில்தான், அல்பனிக்கும் ஷெனெக்டடிக்கும் இடையில் கார்னர் என்ற பழைய ரயில் நிறுத்தத்தை ஒட்டிய மணற்காட்டில், லூப்பின் பூக்களுக்கு நடுவே அது பறப்பதைப் பார்த்தார். 1957இல் வெளியான ப்னின் நாவலில் மணல் வழியொன்றில் சிறு நீலப் பூச்சிகள் கூட்டமாக எழுந்து அமரும். பெயர் சொல்லாமலே அவற்றை அங்கு வைத்திருக்கிறார்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கை முழுவதும் ஒரே செடியில் தங்கியிருக்கிறது. அதன் மயிர்க்கொட்டி காட்டு லூப்பின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. மயிர்க்கொட்டி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. இரண்டாவது இடும் முட்டைகள் பனிக்காலத்தைக் கடந்து வசந்தத்தில் பொரிக்கும். லூப்பினுக்கு வெயில் படும் வெற்று மணல் வேண்டும். அந்த வெளியை உண்டாக்குவது காட்டுத்தீ. நகரம் நெருங்கி வந்ததும் தீயை அணைத்தார்கள். மரங்கள் அடர்ந்தன, லூப்பின் ஒழிந்தது. மீதி நிலத்தை வீதிகளும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டன. 1984இல் குரொஸ்கேற்ஸ் என்ற பெருங்கடைத்தொகுதி இந்த மணற்காட்டிலேயே திறக்கப்பட்டது.

நபகோவ் அதற்கு முன்பே போய்விட்டார். லொலிற்றா தந்த பணத்தில் பேராசிரியர் வேலையை விட்டு, 1961 முதல் சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோவில் ஹோட்டல் ஒன்றில் வாழ்ந்தார். சொந்தமாக வீடு வாங்கவே இல்லை. 1975இல் டாவோஸ் மலைச்சரிவில் பூச்சி தேடும்போது விழுந்தார். அதன்பின் உடல் தேறவில்லை. 1977 ஜூலை 2ஆம் திகதி இறந்தார். நியூயோர்க் மாநிலம் கார்னர் நீலத்தை அழிந்துவரும் உயிரினமாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

தென்னமெரிக்க நீலங்கள் ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக அலை அலையாக வந்தவை என்று 1945இல் அவர் எழுதியதை அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 2011இல் நயோமி பியர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அவர் வேலைசெய்த அதே நூதனசாலையிலிருந்து, மரபணுவை ஆராய்ந்து அவர் சொன்னது சரி என்று காட்டினார்கள்.

அல்பனியில் நடந்தது மெதுவான சண்டை. 1978இல் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து சேவ் த பைன் புஷ் என்ற அமைப்பைத் தொடங்கி நகரசபையை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1988இல் ஒதுக்குநிலத்துக்கான ஆணைக்குழு சட்டப்படி உருவானது. 1992இல் மத்திய அரசும் பூச்சியைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஹோட்டல் ஒன்றுக்கு எதிரான வழக்கில், 2009இல், மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் முக்கியமான ஒரு விடயத்தைத் தீர்த்துவைத்தது. காட்டுக்குப் பக்கத்தில் காணியில்லாதவர்களும், அங்கே வழக்கமாகப் போய்ப் பார்த்து மகிழ்பவர்கள் என்றால் வழக்குத் தொடுக்கலாம்.

இன்று பணியாளர்கள் காட்டின் சில பகுதிகளுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள், லூப்பின் விதைக்கிறார்கள். சில நூறாகச் சுருங்கியிருந்த கார்னர் நீலங்கள் அங்கே மறுபடி ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. அது துணையினமா, தனி இனமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பின்னாளில் நபகோவ் அதைத் தனி இனம் என்றே கருதினார்.